பேரப்பிள்ளைகளுக்குத் தைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஒரு பை, ஒரு டிரவுசர், ஒரு பொம்மை

என் பேத்திக்கு நான் தைத்த முதல் கவுன் அவள் தலையிலேயே நின்றுவிட்டது. மார்பளவு சரி, நீளம் சரி, தோளும் சரி. கழுத்தை மட்டும் சின்னதாக, வட்டமாக, பார்க்க அழகாக வெட்டியிருந்தேன். இரண்டு வயதுப் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, முகம் துணிக்குள் மாட்டி, வீறிட்டு அழுதாள். பெரியவர்களுக்குத் தைத்துப் பழகிய கை என்னுடையது. சின்னக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது என்பதை அந்தக் கை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது.

அதன்பிறகு எத்தனையோ தைத்தாயிற்று. இப்போது யாராவது "பேரனுக்கு ஏதாவது தைக்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டால் மிஷினைப் பற்றி நான் முதலில் பேசுவதில்லை. பிள்ளையைப் பற்றித்தான் கேட்பேன். என்ன வயது, மண்ணில் விளையாடுமா, எந்த உடுப்பைப் போட்டால் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும், எந்த உடுப்பைப் பார்த்தாலே ஓடும். நாம் தைத்தது "பாட்டி தைத்தது, பத்திரம்" என்று பீரோவில் மடிந்து கிடக்கக் கூடாது. பிள்ளை மேல் கிடந்து, முட்டி தேய்ந்து, துவைத்துத் துவைத்து நிறம் வெளுக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

அளவு

ஒரு தாளில் பிள்ளையின் பெயர், தேதி, அளவுகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதியை விட்டுவிடாதீர்கள். மூன்று வயதுக்குப் பிறகும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயர்கிறார்கள். போன விடுமுறையில் எடுத்த அளவு இந்த விடுமுறைக்கு ஆகாது.

எடுக்க வேண்டியவை: தலைச் சுற்றளவு (புருவத்துக்கு மேலே, பின்மண்டையின் புடைப்பைச் சேர்த்து), மார்பு, இடுப்பு, உட்காரும் இடத்தின் சுற்றளவு, இடுப்பிலிருந்து முட்டி வரை, தோளிலிருந்து மணிக்கட்டு வரை. தலையை நான் முதலில் சொல்வது பட்ட பாட்டால். ஒரு வயதில் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 46 செ.மீ., இரண்டு வயதில் 48, ஐந்து வயதில் 50 அல்லது 51. இழுத்தால் விரியாத நெய்த துணியில் கழுத்து தைத்தால், அதன் சுற்றளவு தலையைவிட 2 செ.மீ.யாவது கூட இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய கழுத்து பார்க்க நன்றாக இருக்காது என்றால், பின்பக்கம் ஒரு திறப்பு விட்டுப் பட்டன் வையுங்கள். இரண்டும் இல்லாத கவுன் எவ்வளவு அழகாக இருந்தாலும் தலையில்தான் நிற்கும்.

கடைத் துணியில் "4 வயது", "6 வயது" என்று போட்டிருப்பதை நம்பி வெட்டாதீர்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் இருவரை அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஏன் என்று புரியும். அளவு வாரியாகக் காகித மாதிரிகளை விற்கும் வழக்கத்தை 1863-இல் பரப்பியவர் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையல்காரர். அவர் தொடங்கியதும் ஆண்கள், சிறுவர்கள் உடைகளில்தான். வாங்கும் மாதிரிகளில் தவறில்லை. ஆனால் அவை ஒரு சராசரிப் பிள்ளைக்கானவை. நாம் தைப்பது நம் பிள்ளைக்கு.

பேரப்பிள்ளைகள் தொலைவில் இருந்தால், நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையையும் டிரவுசரையும் தரையில் விரித்து, மேலே இஞ்ச் டேப்பைப் போட்டு, நேர் மேலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓடுகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தி எடுத்த அளவைவிட இது நம்பகமானது.

துணி

முதல் துணி பருத்தியாக இருக்கட்டும். பாப்ளின் போல, வழுக்காத, இழுபடாத நடுத்தரக் கனம். சாட்டின், ஜார்ஜெட், பனியன் துணி மூன்றும் கை பழகிய பிறகு.

வாங்கி வந்த துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். பிள்ளையின் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படி. வெந்நீரில் மிஷினில் போடுவார்கள் என்றால் நீங்களும் அப்படியே போடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து வரை சுருங்கலாம். 60 செ.மீ. கவுனில் அது 3 செ.மீ. வரை ஆகும், முட்டிக்குக் கீழே இருந்தது மேலே ஏறிவிடும். கஞ்சியும் போய்விடுவதால் துணி உண்மையில் எவ்வளவு மெலிது என்பதும் தெரியும். அடர்ந்த சிவப்பு, கருநீலம் என்றால் நனைத்த மூலையை வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அயர்ன் செய்து பாருங்கள். வெள்ளையில் சாயம் இறங்கினால் அதைத் தனியாகத்தான் பயன்படுத்த முடியும்.

பாவும் ஊடையும் கவனிக்க வேண்டியது. துணியின் ஓரக்கரைக்கு இணையாக ஓடுவது பாவு. அந்தத் திசையில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அதற்குக் குறுக்கே ஓடுவது ஊடை. அந்தத் திசையில் கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாகவே நீளும். உடுப்பு மேலிருந்து கீழாக எப்போதும் பாவுத் திசையில் இருக்க வேண்டும். துணி போதவில்லை என்று ஒரு காலைக் கிராஸாக, மூலைவாட்டில் வெட்டினால், இரண்டாவது துவைப்பில் அந்தக் கால் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் திரும்பும்.

பழைய துணி என்றால் எனக்குத் தனிப் பிரியம். பலமுறை துவைத்த பெரியவர்கள் சட்டை இனிச் சுருங்காது, சாயம் போகாது, பிள்ளை உடம்பில் உறுத்தாது. முழங்கை, காலர் நைந்திருந்தாலும் முதுகுப் பக்கம் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் மெலிந்த இடம் தனியாகத் தெரியும், அதை விட்டு வெட்டலாம்.

இரவு உடுப்பு தைப்பதென்றால் ஓர் எச்சரிக்கை. தொளதொளவென்ற பருத்தியும் முடி எழும்பிய ஃபிளானலும் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியவை. குழந்தைகளின் இரவு உடைக்குப் பல நாடுகளில் தனி விதிகள் இருப்பது இதனால்தான். உடம்போடு ஒட்டினாற்போலத் தையுங்கள், அல்லது அதை மட்டும் கடையில் வாங்குங்கள்.

கருவிகள்

துணிக்கு மட்டுமே என்று ஒரு கத்தரிக்கோல். காகிதத்தை அதில் வெட்டவே கூடாது, முனை மழுங்கிவிடும். இஞ்ச் டேப், சாக், தலை பெரிய குண்டூசிகள், ஊசிமெத்தை, தையல் பிரிக்கும் கருவி, நல்ல பாலியஸ்டர் நூல். அயர்ன் பாக்ஸைத் தையல் கருவியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலையும் அடுத்த தையலுக்கு முன் தேய்த்தால், புதிதாகப் பழகுகிறவர் தைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிஷின் ஊசியில் 80/12 என்று இருந்தால், ஊசியின் தண்டு 0.80 மில்லிமீட்டர் தடிமன் என்று பொருள். 12 என்பது பழைய எண் முறை. பாப்ளினுக்கு இது போதும். மெல்லிய துணிக்கு 70/10, ஜீன்ஸ் போன்றதற்கு 90/14 அல்லது 100/16. எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றுங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் மிஷினைக் குறை சொல்வதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.

கண் மங்கியவர்களுக்கு: நூலைச் சாய்வாக வெட்டி, ஊசிக் காதுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கோர்த்தால் காது பளிச்சென்று தெரியும். காலையிலேயே பத்து ஊசிகளைக் கோர்த்து மெத்தையில் குத்தி வைத்துவிட்டால் அன்றைக்கு வேலை ஓடும். வலக்கைக்காரர் என்றால் விளக்கு இடத்தோளுக்கு மேலே இருக்கட்டும், கையின் நிழல் தையலில் விழாது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கழுத்தையும் விரல்களையும் நீட்டி விடுங்கள்.

முதல் வேலை: சுருக்குப் பை

பை தைத்தால் பொருந்துமா பொருந்தாதா என்ற கவலையே இல்லை. நேர்த்தையல், மடிப்பு, நாடாக் குழல் (கயிறோ எலாஸ்டிக்கோ உள்ளே ஓடும் மடிப்பு) மூன்றும் இதிலேயே பழகிவிடும். விளையாட்டுக் கட்டைகள், வண்ணப் பென்சில்கள், சேர்த்து வைக்கும் கூழாங்கற்கள் என்று பிள்ளைக்கு உள்ளே போட எப்போதும் ஏதாவது இருக்கும்.

அகலம் 27 செ.மீ., நீளம் 72 செ.மீ. இருக்கும்படி ஒரே துண்டாக வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே வரும்படி நீளத்தைப் பாதியாக மடித்தால் உயரம் 36 செ.மீ. மடிப்பு கீழே, திறந்த வாய் மேலே. வாயிலிருந்து 7 செ.மீ. கீழே இரண்டு பக்கமும் சாக்கால் குறியிடுங்கள். ஓரத்தில் 1 செ.மீ. விட்டு, அந்தக் குறியிலிருந்து கீழ் மடிப்பு வரை இரண்டு பக்கமும் தையுங்கள். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று தையல் முன்னும் பின்னும் போனால் பிரியாது. வெட்டிய ஓரத்துக்கு ஜிக்ஜாக் அடித்துப் பிசிறை அடக்குங்கள்.

குறிக்கு மேலே தைக்காமல் விட்ட 7 செ.மீ. ஓரங்களை, தையலின் அதே கோட்டில், 1 செ.மீ. உட்பக்கம் மடித்துத் தேய்த்து, ஓரமாக ஒரு தையல் போடுங்கள். நான்கு ஓரங்கள் வரும். இனி வாய்ப்பக்கம். முதலில் 1 செ.மீ. மடித்துத் தேயுங்கள், மறுபடி 3 செ.மீ. மடித்துத் தேயுங்கள். முன் துணிக்குத் தனியாக, பின் துணிக்குத் தனியாக, அந்த மடிப்பின் கீழோரத்தை ஒட்டித் தையுங்கள். 7 செ.மீ. ஏன் என்பது இங்கேதான் தெரியும். 1 செ.மீ.யும் 3 செ.மீ.யும் உள்ளே போக, வெளியே 3 செ.மீ. நிற்கும். குழலின் அடித்தையல் பக்கத் திறப்பு முடிகிற இடத்தில் சரியாக வந்து உட்காரும்.

75 செ.மீ. நீளத்தில் இரண்டு கயிறுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஊக்கில் குத்தி, இடப்பக்கம் நுழைத்து, முன் குழல் வழியே வலப்பக்கம் கொண்டுபோய், பின் குழல் வழியே இடப்பக்கமே திரும்பக் கொண்டுவந்து முடிச்சிடுங்கள். இரண்டாவது கயிற்றை வலப்பக்கமிருந்து அதேபோல. இரண்டையும் இழுத்தால் வாய் சுருங்கும்.

கயிற்றுப் பையை மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கே கொடுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள விடாதீர்கள். சட்டைக் கழுத்திலும் தொப்பியிலும் சுருக்குக் கயிறு வைக்கவே வைக்காதீர்கள். விளையாட்டுச் சறுக்கிலும் வண்டிக் கதவிலும் கயிறு மாட்டிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் வீட்டில் தைப்பதற்கு யாரும் பரிசோதனை செய்யப் போவதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: எலாஸ்டிக் டிரவுசர்

உடுப்பில் முதலில் இதைத்தான் தைக்கச் சொல்வேன். கழுத்து இல்லை, கை இல்லை, காஜா இல்லை. நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அகலத் துணியில் முக்கால் மீட்டர் தாராளம்.

நன்றாகப் பொருந்தும் ஒரு டிரவுசரை முன்பக்கம் வெளியே தெரியும்படி நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். இடுப்பு எலாஸ்டிக்கை முழுக்க இழுத்துக் குண்டூசியால் நிறுத்திவிட்டு, பழைய செய்தித்தாளில் வைத்துச் சுற்றி வரையுங்கள். கவட்டை முனையை நன்றாக வெளியே இழுத்து வரைய வேண்டும். அது உள்ளே மடிந்திருந்தால் பிள்ளை உட்காரும்போது இறுக்கும். பிறகு பின்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து இன்னொன்று வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்பக்கம் உயரமாகவும் கவட்டை வளைவு நீளமாகவும் இருக்கும். குனியும்போது முதுகு தெரியாமல் காப்பது அந்தக் கூடுதல் துணிதான். இரண்டும் ஒரே மாதிரி வந்திருந்தால் பின்பக்க இடுப்பை நடுவில் 2 செ.மீ. உயர்த்தி, பக்கவாட்டை நோக்கிச் சரித்து வரையுங்கள்.

வரைந்த கோட்டுக்கு வெளியே பக்கங்களிலும் கவட்டையிலும் 1 செ.மீ. விடுங்கள். இடுப்பில் 3.5 செ.மீ., காலின் அடியில் 6 செ.மீ. அடியில் இவ்வளவு எதற்கு? பிள்ளைகள் உயரமாகிற வேகத்தில் இடுப்பு பெருப்பதில்லை. 1 செ.மீ.யும் 5 செ.மீ.யுமாக மடித்து வைத்தால், அடுத்த ஆண்டு தையலைப் பிரித்து இறக்கிக் கொடுக்கலாம். நாம் தைப்பதில் கடையில் கிடைக்காத பெரிய வசதி இது.

துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, மாதிரியை மேலே வைத்து, இரண்டு அடுக்கையும் சேர்த்தே வெட்டுங்கள். ஒவ்வொன்றாக வெட்டினால் இரண்டு இடக்கால் வந்து நிற்கும். புதியவர்களுக்கு மிக அதிகமாக நடக்கும் பிழை இது. வெட்டியவுடன் பின் துண்டுகளில் சாக்கால் "பின்" என்று எழுதிவிடுங்கள்.

தைக்கும் வரிசை இப்படி. முன் துண்டுகள் இரண்டையும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்துக் கவட்டை வளைவை மட்டும் தையுங்கள். பின் துண்டுகளுக்கும் அதேபோல. அந்த வளைவுத் தையலின் பக்கத்திலேயே இன்னொரு தையல், 3 மில்லிமீட்டர் தள்ளி. முதலில் கிழிகிற இடம் அதுதான். இப்போது முன்பக்கத்தைப் பின்பக்கத்தின் மேல் வைத்துப் பக்கத்தையல்களை முடியுங்கள். கடைசியாக ஒரு காலின் அடியில் தொடங்கி, கவட்டைச் சந்திப்பு வழியாக, மறு காலின் அடிவரை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். சந்திப்பில் முன் தையலும் பின் தையலும் நேருக்கு நேர் வர வேண்டும். அங்கே மட்டும் ஒரு குண்டூசி குத்திவிட்டு மெதுவாகப் போங்கள், ஊசியின் மேல் ஓட்டாமல்.

இடுப்பில் 1 செ.மீ. மடித்துத் தேய்த்து, பிறகு 2.5 செ.மீ. மடித்துத் தையுங்கள். பின்பக்கம் 4 செ.மீ. திறப்பு விடுங்கள். 2 செ.மீ. அகல எலாஸ்டிக்கில் பிள்ளையின் இடுப்பளவைவிட 3 செ.மீ. குறைத்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்துத் தைக்க 2 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். இடுப்பு 52 என்றால் 51 செ.மீ. ஒரு முனையில் ஊக்கு குத்திக் குழலுக்குள் செலுத்துங்கள். மறுமுனையைத் துணியோடு சேர்த்துக் குத்தி வையுங்கள், இல்லையென்றால் அதுவும் பின்னாலேயே உள்ளே போய்விடும். முனைகளை உடனே தைத்துவிடாமல் ஊக்கால் பிணைத்து, பிள்ளைக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். வயிறு சாப்பாட்டுக்கு முன் ஓரளவு, பின் ஓரளவு. இரண்டு விரல் எளிதாக நுழைந்தால் சரி. பிறகு முனைகளைத் தைத்து, திறப்பை மூடி, பக்கத்தையல்களின் மேலேயே எலாஸ்டிக்கையும் சேர்த்து நெட்டாக ஒரு தையல் போடுங்கள். குழலுக்குள் அது முறுக்கிக்கொள்ளாது.

முடிப்பதற்குள் இடுப்பின் பின்பக்கம் உள்ளே ஒரு சின்ன நாடாத் துண்டை மடித்து வைத்துத் தைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் டிரவுசரில், "நாடா இருக்கிறது பின்னாடி" என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தானே போட்டுக்கொள்ளும். நாடா மெத்தென்று இருக்கட்டும். முரட்டு நாடா வைத்த டிரவுசரை என் பேரன் ஒரே நாளில் கழற்றிப் போட்டான். "பாட்டி, குத்துது" என்றான், அவ்வளவுதான். அதிலிருந்து எது தைத்தாலும் கொடுப்பதற்கு முன் உட்பக்கத்தைத் திருப்பி, என் முன்கையின் உட்புறத்தில் எல்லாத் தையலையும் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிடுவேன்.

மூன்றாவது: துணிப் பொம்மை

30 செ.மீ. உயரத்தில் தலை, கை, கால் எல்லாம் சேர்ந்த ஒரே உருவமாகக் காகிதத்தில் வரையுங்கள். கை கால்கள் 4 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், கழுத்து 5. மெலிந்தால் கைகால் திரும்பி வராது, தலை தொங்கும்.

முகத்தை முதலில் தைத்துவிடுங்கள். முன் துணி தட்டையாக இருக்கும்போதே கண்ணும் வாயும் எம்பிராய்டரி நூலில் போடுவது எளிது. கண்களை நெற்றிப் பக்கம் வைக்காமல் முகத்தின் பாதி உயரத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டும் நன்றாகத் தள்ளி வையுங்கள். குழந்தை முகம் தானாக வந்துவிடும்.

துணியை நல்ல பக்கம் உள்ளே மடித்து, உருவத்தை மேலே வரைந்து, வெட்டாமலே கோட்டின் மேல் தையுங்கள். தைத்த பிறகு 7 மில்லிமீட்டர் வெளியே வெட்டுங்கள். முதலில் வெட்டிவிட்டால் வளைவுகளில் அடுக்குகள் நழுவும். தையல் நீளம் 1.5 மில்லிமீட்டர், இரண்டு சுற்று. விலாப் பக்கம் நேரான இடத்தில் 6 செ.மீ. திறப்பு. அக்குள், கவட்டை, கழுத்து வளைவுகளில் தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பு வரை கத்தரியால் வெட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் திருப்பும்போது சுருக்கம் விழும். மழுங்கிய குச்சியால் திருப்பி, பாலியஸ்டர் பஞ்சைச் சின்னச் சின்னத் துணுக்காகக் கை நுனி, கால் நுனியிலிருந்து அடையுங்கள். கழுத்தில் அழுத்தமாக. மொத்தமாகத் திணித்தால் கட்டி கட்டியாக நிற்கும்.

திறப்பை மூடக் கைத்தையல். முடிச்சை உள்ளே மறைத்து, ஒரு மடிப்பின் உள்ளே சில மில்லிமீட்டர் ஊசியை ஓட்டி வெளியே எடுங்கள், நேர் எதிர் மடிப்பில் அதேபோல. ஏணிப்படிகள் மாதிரி நூல் தெரியும். ஐந்தாறு படி போட்டபின் நூலை இழுத்தால் இரண்டு மடிப்பும் சேர்ந்து நூல் மறைந்துவிடும். முதல்முறை அது மறைவதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்துக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பட்டன் கண், மணி, சலங்கை எதுவும் வேண்டாம். சின்னப் பொருள்களைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் அந்த வயதுப் பிள்ளையின் தொண்டையை அடைக்கலாம். எவ்வளவு அழுத்தித் தைத்த பட்டனும் பல் முளைக்கும் பிள்ளை கடித்து இழுத்தால் ஒருநாள் வரும். ஒரு வயது முடியாத குழந்தையின் தொட்டிலில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதையும் வைக்க வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். தைத்து முடித்ததும் குண்டூசிகளை எண்ணுங்கள். பத்து எடுத்திருந்தால் பத்தும் மெத்தையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பொம்மையைப் பிரித்தாவது தேடுங்கள்.

பேத்திக்குத் தைத்த பொம்மையின் சட்டை, அவள் தாத்தா போட்டுத் தேய்ந்த நீலக் கட்டச் சட்டை. நெஞ்சுப் பையின் ஒரு மூலையை வெட்டி, அதன் மடிப்பும் தையலும் கலையாமல், பொம்மைச் சட்டைக்கு அளவான சின்னப் பையாக வைத்தேன். பையின் விளிம்பில் பேனா மை லேசாகக் கசிந்த ஒரு கறை இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன். அவள் முதலில் கண்டுபிடித்தது அந்தக் கறையைத்தான். "இது தாத்தா பேனா" என்று சொல்லி, ஒரு காய்ந்த இலையை மடித்து அந்தப் பைக்குள் வைத்தாள். இலை பொடிப்பொடியாகும்போதெல்லாம் இன்னொன்று வைக்கிறாள்.

விடுமுறையில் பிள்ளையும் கூட உட்கார்ந்தால்

தைத்துக் கொடுப்பது ஒன்று, பக்கத்தில் உட்கார வைத்துத் தைக்க விடுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள்.

மூன்று, நான்கு வயதில் துளையிட்ட அட்டையில் முனை கெட்டியான கயிறு கோர்ப்பது. ஐந்து, ஆறில் மழுங்கிய பெரிய ஊசியும் கோணிபோல் இழை விலகிய துணியும். ஏழு, எட்டில் உண்மையான ஊசி. ஓட்டுத்தையல், பட்டன் தைப்பது. ஒன்பது, பத்து வயதில் பக்கத்தில் நீங்கள் இருக்க, குறைந்த வேகத்தில் மிஷின். வயதைவிடப் பிள்ளையின் பொறுமை முக்கியம்.

நூல் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீளம் போதும். நீளமானால் சிக்கும், சிக்கினால் பிள்ளை எழுந்து போய்விடும். இரட்டை நூலாக முடிச்சிட்டுக் கொடுத்தால் ஊசி கழன்று விழாது. இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக்காரர் சொல்லிக்கொடுப்பதானால் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே பின்பற்றும். ஊசியை வைக்க ஒரே இடம், அது மெத்தை. தரையில் இல்லை, சட்டையில் இல்லை, வாயில் ஒருபோதும் இல்லை. நமக்கு வாயில் ஊசி வைக்கும் பழக்கம் இருந்தால் பிள்ளை எதிரில் அதை விட்டுவிட வேண்டும்.

முதல் நாளுக்கு ஏற்ற வேலை, துணிக் கொடித் தோரணம். 15 செ.மீ. அடியும் 20 செ.மீ. உயரமுமாக வெள்ளைப் பருத்தியில் முக்கோணங்கள் வெட்டிக் கொடுங்கள். பிள்ளைகள் மெழுகு வண்ணக் கட்டியில் அழுத்திப் படம் வரையட்டும். மேலே வெற்றுத் தாளை வைத்து நீங்கள் அயர்ன் செய்தால் மெழுகு உருகித் தாளில் ஏறும், வண்ணம் துணியில் பிடிக்கும். மேலோரத்தை நாடாவுக்குள் வைத்து ஓட்டுத்தையல் போடுவது அவர்கள் வேலை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பாதியில் நின்றால் மறுநாள் அவர்களே வந்து கேட்பார்கள்.

பிள்ளை போட்ட கோணல் தையலை, தூங்கியபின் பிரித்துச் சரிசெய்யாதீர்கள். காலையில் எழுந்ததும் அதைத்தான் தேடிப் பார்க்கும். பிரிந்துவிடும் என்று பயந்தால் அதன் மேலே படாமல், பக்கத்தில் உங்கள் தையலைப் போடுங்கள்.

இரண்டு மூன்று பேரப்பிள்ளைகள் இருந்தால் எல்லாருக்கும் ஒரே பொருளை வெவ்வேறு நிறத்தில் தைத்து, ஒரே நாளில் கொடுங்கள். ஒருத்திக்கு முடித்துக் கொடுத்துவிட்டு மற்றவனை அடுத்த வாரம்வரை காக்க வைப்பது நமக்குச் சாதாரணம், அவனுக்கு அப்படி இல்லை. விடுமுறை தொடங்க ஆறு வாரம் முன்பே துணியைத் துவைத்து வெட்டி வைத்தால் கடைசி இரவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

வெட்டியதில் மிஞ்சிய துணியிலிருந்து உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டுகளை ஒவ்வோர் உடுப்புக்கும் ஒதுக்கி, பழைய கடித உறையில் போட்டு, பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். உடுப்பைத் துவைக்கும்போது இந்தத் துண்டுகளையும் இரண்டு மூன்று முறை கூடவே துவைத்தால் நிறமும் சேர்ந்தே மங்கும். முட்டி கிழிந்து டிரவுசர் உங்களிடம் திரும்பி வரும்போது, கிழிசலைவிட நான்கு பக்கமும் 2 செ.மீ. பெரிதாக ஒரு துண்டு வெட்டுங்கள். ஓரத்தை 1 செ.மீ. மடித்துத் தேய்த்து, மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைத்து, வெளிப்பக்கம் வைத்துச் சுற்றிலும் இரண்டு வரி தையுங்கள். என்ன உருவம் வேண்டும் என்று வெட்டுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். என் பேரன் போன முறை கேட்டது ஒரு லாரி.